காது வைத்த நாற்காலி

சிம்ரனை உட்கார வைக்க ஒரு பழைய சேலை வேண்டும். அதை நான்காய் மடித்து, அவள் நெஞ்சுக்குக் குறுக்கே கொடுத்து, முதுகுக்குப் பின்னால் இருக்கும் தூணோடு சேர்த்து முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு இறுகினால் பிள்ளைக்கு மூச்சு முட்டும். தளர்ந்தால், கட்டு விட்ட திராட்சைக் கொடி மாதிரி ஒருபக்கமாகச் சரிந்துவிடுவாள். இரண்டுக்கும் நடுவிலான அந்த முடிச்சு ஜோதிலட்சுமி ஒருத்திக்குத்தான் கைவந்தது. முடிச்சுப் போட்டு முடித்ததும் மகளின் உச்சந்தலையைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பெற்ற பிள்ளையைக் கட்டிப்போடுகிற தாய் வேறு எப்படித்தான் மன்னிப்புக் கேட்பாள்?

பிறந்த அன்று சிம்ரன் அழுவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். அந்தச் சுணக்கத்தில் முதுகுக்குப் போக வேண்டிய தெம்பு பாதி வழியில் நின்றுவிட்டது. கால் நடக்காது. இடது கை சொன்னபடி கேட்காது. இடுப்புக்கு மேலே உடம்பு தானாக நிமிராது. ஆனால் ஆண்டவன் ஒரு கையால் எடுத்தால் மறு கையால் எதையாவது கொடுக்காமல் போவதில்லை. சிம்ரனுக்கு வலது கையில் நல்ல பிடியும், எதையும் தவறவிடாத கண்ணும், ஓயாத ஒரு வாயும் கொடுத்திருந்தான்.

அவள் அப்பாவுக்கு மேகமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். ஜோதிலட்சுமிக்குத் தேவாரத்துக்கு வெளியே, போடி போகும் சாலையில், மொக்கைச்சாமியின் இலவம்பஞ்சுக் கொட்டகையில் வேலை. காயை உடைத்து, பஞ்சு வேறு விதை வேறாகப் பிரிப்பாள். பஞ்சு, மெத்தைக்கும் தலையணைக்கும் போகும். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக உருண்டிருக்கும் விதை, எண்ணெய் ஆலைக்குப் போகிற வரைக்கும் மூலையில் சாக்குச் சாக்காகக் கிடக்கும். கொட்டகைத் தூணில் கட்டுண்ட சிம்ரன், அந்தச் சாக்குகளின் மேல் அச்சடித்திருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டாள். அவள் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்த சொல் 'யூரியா'.

2005ஆம் வருஷம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், ஆறு வயது முடிந்த மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜோதிலட்சுமி தலைமையாசிரியை சோணையம்மாள் டீச்சரிடம் போனாள்.

"புள்ள பேரு என்ன?"

"சிம்ரன்" என்றாள் ஜோதிலட்சுமி.

"புள்ள பேரைத்தான் கேட்டேன், சினிமாக்காரி பேரை இல்ல."

"சிம்ரன்தான் டீச்சர். எங்கம்மா பொய் சொல்லாது" என்றது இடுப்பிலிருந்த குரல்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைக் காட்டிப் படிக்கச் சொன்னார். சிம்ரன் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு படித்தாள். "அனுமதி இன்றி உள்ளே வரக் கூடாது." பிறகு அம்மாவின் காதில், எல்லோருக்கும் கேட்கும்படி, "நாம கேக்காமத்தானம்மா வந்தோம்?" என்றாள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்து முடித்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"இங்க பாரு ஆத்தா. ஒண்ணும் ரெண்டும் சேந்து ஐம்பத்தெட்டுப் புள்ளைக. நான் ஒருத்தி. எல்லாரும் தரையில உக்காருறாக. நான் போர்டுப் பக்கம் திரும்புனா இவ விழுந்துருவா. விழுந்து மண்டையில பட்டுச்சுன்னா?"

"சேலையால கட்டிவச்சா உக்காந்துக்கிருவா டீச்சர். கொட்டகையில அப்படித்தான்…"

"கட்டியா?" டீச்சரின் குரல் தணிந்தது. "ஒரு புள்ளையக் கட்டிப்போட்டுட்டு அதுக்கு முன்னால நான் ஆத்திச்சூடி சொல்லிக்குடுக்கணுமா? என்னால முடியாது தாயி. கட்டாம, யாரும் பிடிக்காம, மொத மணியிலருந்து சாப்பாட்டு மணி வரைக்கும் ஒருநாள் உக்காரட்டும். அன்னைக்கே பேரை எழுதிக்கிறேன். ஜூலை முடியிற வரைக்கும் பதிவேட்டுல ஒரு வரி காலியாவே வச்சிருக்கேன்."

  மறுநாள் காலையில் கொட்டகையில் சேலையை மடித்தபோது வலது கையால் அதைத் தள்ளிவிட்டாள்.

"அந்த டீச்சருக்குக் கட்டுனாப் பிடிக்காதாம்மா. எனக்கும் பிடிக்காது."

அன்றிலிருந்து ஜோதிலட்சுமி மகளை மடியில் சாய்த்துக்கொண்டே காய் உடைத்தாள். வேலை பாதிதான் நடந்தது. மொக்கைச்சாமி அதைப் பார்த்தும் கூலியைக் குறைக்கவில்லை. அதுவும் ஓர் உதவிதான்.

அந்தப் பக்கத்து ஆட்களுக்கு எந்த வலிக்கும் ஒரே மருந்து இலவம்பஞ்சு. இடுப்புப் பிடிப்பா, ஒரு திண்டு. கழுத்துச் சுளுக்கா, ஒரு தலையணை. ஜோதிலட்சுமிக்கும் முதலில் அதுதான் தோன்றியது. மொக்கைச்சாமி கண்ணாடி மாதிரி மின்னுகிற முதல்தரப் பஞ்சு கொடுத்தார். நான்கு நாள் உட்கார்ந்து, முதுகும் இரண்டு கைப்பிடியும் வைத்து, ஒரு பெரிய மெத்தை நாற்காலி தைத்தாள். சிம்ரனை அதில் வைத்தாள். பஞ்சு அவளை விழுங்கிவிட்டது. மூக்கும் இரண்டு கண்ணும்தான் வெளியே தெரிந்தன.

ஜோதிலட்சுமியின் அண்ணன் வீரணன் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அதே சாலையில் பஞ்சர் கடை வைத்திருப்பவன் அவன். "ஏத்தா ஜோதி, புள்ளைக்கு நாற்காலி செஞ்சியா, கூடு கட்டுனியா? முட்டை வைக்கப் போறா பாரு!"

"மாமா, என்னையத் தூக்கு. காதுக்குள்ள பஞ்சு" என்றாள் சிம்ரன்.

மூன்றாம் நாள் பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டு மேடும் பள்ளமுமானது. மிருதுவாக இருப்பது தாங்கிப் பிடிக்காது என்பதை ஜோதிலட்சுமி அன்று தெரிந்துகொண்டாள். பலகை நாற்காலியில் உட்கார வைத்தும் பார்த்தாள். அது பிடித்தது, ஆனால் எலும்பில் குத்தியது. பிள்ளையின் உடம்புக்கு ஏற்றபடி வளைய வேண்டும், வளைந்த பிறகு கல் மாதிரி நிற்க வேண்டும். அப்படி ஒரு பொருளை ஆண்டவன் படைத்திருக்கிறானா என்று வீரபாண்டி கௌமாரியம்மனிடம்தான் கேட்டாள்.

பதில் ஒரு காப்பித்தூள் பொட்டலமாக வந்தது.

அதற்கும் முந்தைய மாதம், கடும் வெயிலில், இம்மானுவேல் என்ற லாரி டிரைவர் இரண்டு டயர் ஒன்றாக வெடித்துப்போய் வீரணன் கடை வாசலில் மாட்டிக்கொண்டார். அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்த ஜோதிலட்சுமி, முன்பின் தெரியாத அந்த மனிதருக்கும் பாதியைப் பிரித்துவைத்தாள். கருவாட்டுக் குழம்பும் சோளச்சோறும்தான். சாப்பிட்டவர் அதை மறக்கவில்லை. கர்நாடகப் பக்கம் போய்த் திரும்பி வந்தபோது கடையில் வண்டியை நிறுத்தி, "தங்கச்சிகிட்ட குடுத்துருங்க, நல்ல காப்பித்தூள்" என்று ஒரு பொட்டலத்தை நீட்டிவிட்டுப் போனார்.

பளபளவென்று வெள்ளித்தாளில் சுற்றியிருந்த அது, காப்பித்தூள் மாதிரியே இல்லை. செங்கல் மாதிரி இருந்தது. சிம்ரன் அதை வலது கையில் பிடித்துத் தரையில் தட்டினாள். டக், டக்.

"அம்மா, அந்த மாமா கல்லைக் குடுத்து ஏமாத்திட்டாக."

ஜோதிலட்சுமி கத்தரிக்கோலால் ஓரத்தைக் கத்தரித்தாள். உஸ்ஸ் என்றது. கையிலிருந்த கல், கையிலேயே தளர்ந்து, மாவாகிப் படுத்துவிட்டது.

"செங்கல் செத்துப்போச்சு!" என்று சிம்ரன் கத்தினாள்.

ஜோதிலட்சுமி காப்பி போடவில்லை. பொட்டலத்தை அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள். விரல் பதிந்த இடம் பதிந்தபடி இருந்தது. உள்ளே காற்று இல்லாதபோது கல். காற்று வந்ததும் மாவு. மாவாக இருக்கும்போது வளைத்துவிட்டு, பிறகு காற்றை எடுத்துவிட்டால்? மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகப் பஞ்சர் கடைக்கு நடந்தாள்.

"அண்ணே, ட்யூப்புக்குக் காத்தடிக்கிறியே. காத்தை உறிஞ்சி எடுக்கத் தெரியுமா?"

வீரணன் நிமிர்ந்து பார்த்தான். "இருபது வருசமா காத்தடிக்கச் சொல்லித்தான் எல்லாரும் வாராக. எடுக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீதான்." பொட்டலத்தைக் கையில் கொடுத்து அவள் விளக்கியதும் அவன் சிரிப்பு நின்றது. தாடையைச் சொறிந்தான். "ஒருதடவ கல்யாண ஊர்வலத்தை வேடிக்க பாத்துக்கிட்டே பம்புக்குள்ள தோல் வாசரைத் தலைகீழாப் போட்டுட்டேன். அடிக்க அடிக்க சைக்கிள் ட்யூப்பு சப்பிப்போச்சு. பேயி பிடிச்ச பம்புன்னு மூலையில போட்டேன். இரு, அது இங்கனதான் கெடக்கும்."

கிடந்தது.

இம்மானுவேல் அடுத்த முறை வந்தபோது விஷயத்தைக் கேட்டுவிட்டு, தேய்ந்துபோன லாரி ட்யூப் ஒன்றை உருட்டிவிட்டார். வீரணன் அதைப் பிளந்து விரித்து, ஓரங்களைச் சூடு வைத்து ஒட்டி, ஒரு பெரிய ரப்பர்ப் பையாக்கினான். பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்காரர் சொட்டுநீர்க் குழாயில் ஒரு முழமும், அதை மூடித் திறக்கிற சின்னச் சிவப்புத் திருகும் கொடுத்தார். உள்ளே என்ன போடுவது என்பதில்தான் தடுமாறினார்கள். குமுளியிலிருந்து சரக்கு ஏற்றி வந்த இம்மானுவேல், உள்ளே ஒன்றுமில்லை என்று கழித்துப்போட்ட பொக்கு மிளகை ஒரு சாக்கு கொண்டுவந்தார். உருண்டையாக, லேசாக, பார்க்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. வீரணன் பம்பை ஓங்கி இழுத்தான். மிளகுத்தூசி பம்பு வழியாக ஏறி அவன் முகத்திலேயே அடித்தது. அவன் தும்மினான், இம்மானுவேல் தும்மினார், டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் தும்மினார்கள், நாய் தும்மியது.

"மாமா, பள்ளிக்கூடத்துல இதைத் தொறந்தா டீச்சரு மூணாங்கிளாஸ் வரைக்கும் லீவு விட்டுருவாக" என்று மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு சிம்ரன் சிரித்தாள்.

ஜோதிலட்சுமி சிரிக்கவில்லை. ஜூலை பாதி ஓடியிருந்தது. மறுநாள் கொட்டகையில் காய் உடைத்துக்கொண்டே, அரிசியா, கேப்பையா, மரத்தூளா என்று யோசித்தாள். அரிசி கனம். மரத்தூள் திரளும். யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்த இடத்தில் கொஞ்சம் அசைந்தாள். அவளுக்குக் கீழே சரசரவென்று ஏதோ இடம் மாறி, அவள் அசைந்த பக்கமாக வளைந்து, அவளைத் தாங்கிக்கொண்டது.

குனிந்து பார்த்தாள். விதைச் சாக்கு. எட்டு வருஷமாக, தினமும், அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"அய்யா" என்று மொக்கைச்சாமியை அழைத்தாள். "எனக்கு அரைச் சாக்கு விதை வேணும்."

"விதையா? பஞ்சு வேணும்னா கேளு ஆத்தா. விதையை வச்சு என்ன செய்வ?"

"பஞ்சுல என் புள்ள முங்கிப்போயிட்டா அய்யா."

மொக்கைச்சாமி அரைச் சாக்கு விதையை அள்ளிக் கட்டினார். சாக்கைத் தன் மொபெட்டில் வைத்துத் தானே கொண்டுவந்து இறக்கினார். ஜோதிலட்சுமி விதையைப் புழு விழாதபடி கடலை வறுப்பதுபோல் மணலில் போட்டு வறுத்து, சலித்து, ஆறவைத்தாள். விதை பம்புக்குள் ஏறாமல் இருக்க, குழாயின் உள்வாயில் பழைய பனியன் துணியைக் கட்டினாள்.

இதற்குள் சிம்ரனும் தன் பங்குக்கு வேலை வைக்க ஆரம்பித்திருந்தாள். வெறும் கறுப்புப் பை தனக்கு வேண்டாம் என்றாள். "கோம்பை நாய் மாதிரி இருக்கணும். செவலைக் கலர். காது வேணும். காது நிக்கணும்."

"நாற்காலிக்குக் காது எதுக்குடி?"

"நான் பேசுனா அது கேக்க வேணாமா?"

மறுக்க முடியாத நியாயம். செம்பழுப்புத் துணியில் உறை தைத்தாள் ஜோதிலட்சுமி. வீரணன் பழைய சைக்கிள் சீட்டுத் தோலில் இரண்டு காது வெட்டி, பையின் மேல் விளிம்பில், விளிம்பு இறுகினால் காதும் நிமிரும்படி ஒட்டினான். சொட்டுநீர்க் குழாய் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அது தானாகவே வாலாகிவிட்டது. சிம்ரன் அதற்குச் 'செவலை' என்று பேர் வைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பஞ்சர் கடை வாசலில், அவளைச் செவலையின் மடியில் வைத்தார்கள். விதை சரசரவென்று விலகி இடம் கொடுத்தது. ஜோதிலட்சுமி இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்து, மகளின் விலாவுக்கும் இடுப்புக்கும் கழுத்துக்கும் தக்கபடி பையை அமுக்கிவிட்டாள். வீரணன் பம்பை இழுத்தான். ஒரு இழுப்பு, இரண்டு, மூன்று. உள்ளே விதைகள் ஒன்றோடொன்று நெருங்கி மொறுமொறுவென்று சத்தமிட்டன. தொங்கிக் கிடந்த காது மெல்ல நிமிர்ந்தது. பன்னிரண்டாவது இழுப்பில் இரண்டு காதும் விறைத்து நின்றன. வீரணன் சிவப்புத் திருகை மூடினான்.

"அம்மா, கையை எடு."

"எடுத்து ரொம்ப நேரமாச்சு தாயி" என்றாள் ஜோதிலட்சுமி.

அவள் இரண்டு கையும் காற்றில் நின்றன. எதைப் பிடிப்பதென்று அவற்றுக்குத் தெரியவில்லை. சிம்ரன் நேராக உட்கார்ந்திருந்தாள். சாலையை நேராகப் பார்த்தாள். இதுவரைக்கும் சாய்ந்தே பார்த்த பஸ்ஸை அன்று நிமிர்ந்து பார்த்து, "பஸ்ஸு இவ்வளவு உசரமா!" என்றாள்.

வீரணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பம்பைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் பழக்கினார்கள். அரை மணி, ஒரு மணி, ஒன்றரை. அலுத்தால் சிம்ரனே திருகைத் திறப்பாள். செவலை உஸ்ஸென்று இளகும். திரும்ப இறுக்க பம்பு வேண்டும். ஒருநாள் வீரணன் வேலையாக இருந்தான். சிம்ரன் வாலைத் தூக்கி வாயில் வைத்து, இளநீர் உறிஞ்சுவதுபோல் உறிஞ்சினாள். திருகை மூடினாள். மூச்சு வாங்கினாள். திறந்து, மறுபடி உறிஞ்சினாள். காது கொஞ்சம் அசைந்தது.

"அடச்சீ, எடு வாயிலருந்து! ஊருத் தூசி பூராம் அதுலதான் இருக்கு" என்று ஜோதிலட்சுமி பிடுங்கிவிட்டாள்.

ஜூலை இருபத்தொன்பது, வெள்ளி. மறுநாளும் அதற்கு மறுநாளும் சனி ஞாயிறு. அதோடு மாதம் முடிகிறது. முந்தின நாள் சாயங்காலமே ஜோதிலட்சுமி வீரபாண்டிக்குப் போய், அம்மன் பாதத்தில் வைத்து எடுத்த ஒரு துண்டு மஞ்சள் துணி வாங்கி வந்திருந்தாள். காலையில் பிள்ளைக்குத் தலைவாரி, திருநீறு பூசிவிட்டு, செவலையின் முதுகில் அந்த மஞ்சள் துணி இருக்கட்டும் என்று, அவசர அவசரமாக ஓர் ஊக்கால் உறையில் குத்தினாள். வீரணன் செவலையைச் சைக்கிள் கேரியரில் கட்டினான். மூவரும் பள்ளிக்குப் போனார்கள்.

வகுப்பில் முதல் வரிசை ஓரத்தில் இடம் ஒதுக்கியிருந்தார் சோணையம்மாள் டீச்சர். வீரணன் பம்பு போட்டுக் காதை நிமிர்த்திவிட்டு, வாடிக்கையாளர் காத்திருப்பதால் பம்போடு கடைக்குத் திரும்பினான். டீச்சர் நாற்காலியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். காதைத் தொட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜோதிலட்சுமியிடம், "நீ வெளிய இருக்கணும் ஆத்தா. அவ விழுந்தா நானே கூப்பிடுவேன்" என்றார்.

மணி அடித்தது.

ஜன்னலுக்கு எதிரே வாகை மரத்தடியில் உட்கார்ந்தாள் ஜோதிலட்சுமி. அங்கிருந்து மகளின் பின்னந்தலையும், அதற்கு இரண்டு பக்கமும் நின்ற காதுகளும் தெரிந்தன. ஆத்திச்சூடி கேட்டது. ஐம்பத்தெட்டுக் குரலுக்கு நடுவே ஒரு குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்டாள். இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் ஓடின, திரும்ப வந்தன. சிம்ரன் இருந்த இடத்திலேயே இருந்தாள். இன்னும் ஒன்றரை மணி நேரம்தான்.

அப்போதுதான் இடது காது லேசாகச் சரிந்ததைப் பார்த்தாள்.

வெயிலின் மயக்கம் என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். வலது காதும் மடங்கிக்கொண்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கும் அவள் மகளுக்கும் மட்டுமே தெரியும். எங்கோ காற்று ஏறுகிறது. எப்படி ஏறும்? நேற்றுவரை ஏறவில்லையே? ஏதாவது குத்தினால்தானே…

ஊக்கு.

 அம்மன் துணியை வைக்கப்போய், தன் கையாலேயே, ரப்பரில் துளை போட்டுவிட்டாள். எழுந்து ஓடினாள். வகுப்பு வாசல்வரை போய்விட்டாள். டீச்சர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். சிம்ரனின் தோள் ஏற்கெனவே இடப்பக்கம் நாலு விரற்கடை இறங்கியிருந்தது.

சிம்ரன் அம்மாவைப் பார்த்தாள். தலையை அசைத்தாள். வராதே.

பிள்ளை விழப்போவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பதைவிடப் பெரிய நேர்த்திக்கடன் எந்தக் கோயிலிலும் இல்லை. ஜோதிலட்சுமி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிம்ரன் வலது கையை நீட்டினாள். வாலைப் பிடித்து வாயில் வைத்தாள். திருகைத் திறந்து உறிஞ்சினாள். மூடினாள். மூச்சு விட்டாள். திறந்தாள், உறிஞ்சினாள், மூடினாள்.

"டீச்சர்! சிம்ரன் நாய் வாலைக் கடிக்கிறா!" என்று ஒரு பிள்ளை அலறியது. வகுப்பே எழுந்துவிட்டது.

டீச்சர் சுண்ணக்கட்டியோடு திரும்பினார். வாசலில் நிற்கிற தாயைப் பார்த்தார். கன்னம் குழிய உறிஞ்சிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்தார். இரண்டு எட்டு வைத்தவர், நின்றுவிட்டார். "உக்காருங்க எல்லாரும். யாரும் தொடக் கூடாது. அவ ஏதோ செய்யிறா. செய்யட்டும்."

ஏழாவது உறிஞ்சலில் மொறுமொறுவென்று ஒரு சத்தம். இடது காது அசைந்தது. எட்டு. ஒன்பது என்று யாரோ எண்ணினார்கள். பத்தை ஐம்பத்தெட்டுப் பேரும் எண்ணினார்கள். பதினாறில் இரண்டு காதும் நட்டமாக நின்றன. செவலை இறுகிப் பிடிக்க, தோள் நேரானது. சிம்ரன் திருகை மூடி, வாயைப் புறங்கையால் துடைத்துவிட்டு, "ம், பாடத்தை நடத்துங்க டீச்சர்" என்றாள்.

அதன் பிறகு அந்த வகுப்பில் நடந்ததை ஜோதிலட்சுமி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு பிள்ளை, "டீச்சர், காது!" என்று கத்தும். டீச்சர் வார்த்தையைப் பாதியில் நிறுத்துவார். சிம்ரன் வாலை உறிஞ்சுவாள். வகுப்பு எண்ணும். காது நிற்கும். பாடம் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒருவரும் அவளைத் தொடவில்லை. ஆனால் அவளுக்காகக் காத்திருக்காதவர் ஒருவரும் இல்லை.

சாப்பாட்டு மணி அடித்தபோது சிம்ரன் வியர்த்துப்போய், உதடு சிவந்து, நேராக உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் பதிவேட்டை எடுத்துவந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். ஜூன் மாதத்திலிருந்து காலியாக இருந்த அந்த வரியில் பேனாவை வைத்தார்.

"யாரும் கட்டல. யாரும் பிடிக்கல. பேரு?"

"எங்கம்மாவக் கேளுங்க டீச்சர். பாவம், ரொம்ப நேரமா நிக்குது."

ஜோதிலட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.  பிள்ளைகள்தான் சேர்ந்து சொன்னார்கள்: "சிம்ரன்!"

வீரணன் வந்ததும் உறையைக் கழற்றிப் பார்த்தான். மஞ்சள் துணியை எடுத்துக் கண்ணில் ஒற்றி மரியாதையாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஊக்கைத் தங்கையின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். "ஏத்தா, பஞ்சர் கடைக்காரன் தங்கச்சி செய்யிற வேலையா இது? சாமியக் கும்பிடுறவ கயிறு போட்டுக் கட்டக் கூடாதா?"

"தப்புத்தாண்ணே. ஆத்தா என்ன நெனப்பாளோ."

"என்ன நெனப்பா? பம்பை எடுத்துக்கிட்டு மாமன்காரன் போயிட்டான், புள்ளைக்கு நாமளே நெஞ்சுல மூச்சைக் குடுப்போம்னு நெனச்சிருப்பா."

அவன் சிரிப்புக்குத்தான் சொன்னான். ஜோதிலட்சுமி அதை அப்படியே நம்பினாள். இதைச் சொல்கிற எனக்கும் நம்பாமலிருக்கக் காரணம் எதுவும் தெரியவில்லை. பாதிச் சோறு கொடுத்தவளுக்கு ஒரு பொட்டலம் வந்தது, பொட்டலம் யோசனையானது, ஒருவர் ட்யூப்பும் ஒருவர் குழாயும் ஒருவர் விதையும் கொடுத்தார்கள், ஒரு டீச்சர் ஒரு வரியைக் காலியாக வைத்திருந்தார். அம்மன் இப்படித்தான் கைமாறிக் கைமாறி வருவாள்.

அன்று பிற்பகலே துளை அடைபட்டது. அடுத்த மாதம் கோம்பையிலிருந்து ஒரு தகப்பன் தன் மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "காது வச்ச நாற்காலி செய்யிறது இங்கனதானா?" என்று பஞ்சர் கடையில் விசாரித்தார். அந்தப் பிள்ளை யானை கேட்டது. வருஷம் முடிவதற்குள் ஓர் ஆமையும் இரண்டு கோழியும் ஒரு டிராக்டரும் செய்து முடித்திருந்தார்கள் அண்ணனும் தங்கையும். விதைக்கு மொக்கைச்சாமி ஒரு மூலையைத் தனியாகவே ஒதுக்கிவிட்டார்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜோதிலட்சுமி கொட்டகைத் தூணில் ஜூனிலிருந்து சும்மா தொங்கிக் கிடந்த பழைய சேலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கல்யாணமான வருஷம் எடுத்த அரக்குச் சுங்கடி அது. துவைத்து, நீவி நீவிக் காயவைத்தாள். ஆறு வருஷத்து முடிச்சுச் சுருக்கம் முழுசாகப் போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் அதையே உடுத்திக்கொண்டு மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டாள். செவலையின் மடியிலிருந்து சிம்ரன் அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, இது சேலையா? நான் கயிறுன்னுல்ல நெனச்சேன்! உனக்கு நல்லாருக்கு."

ஜோதிலட்சுமி மகளின் உச்சந்தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இந்த முறை மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. மணி அடித்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.